மூன்று சுழி

நாற்பது மணித்தியாலம்.
ஊருக்கு உழைத்தேன் என்று கையெழுத்து வாங்காவிட்டால்
பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வராது.
ஒன்ராறியோவில் அப்படித்தான்.

என் படிவத்தில் முப்பத்தைந்து இருந்தது.
நூலகத்தில் புத்தகம் அடுக்கியது பன்னிரண்டு,
கோயிலில் சப்பாத்துக்குக் காவல் நின்றது இருபத்துமூன்று.
மிச்சம் ஐந்துக்கு
மஞ்சள் மீன்.

சித்திரையின் முதல் சனி. ஸ்காபரோ.
மார்க்கம் வீதியோரம் பனி உருகி
அது ஒளித்து வைத்திருந்ததெல்லாம் வெளியே கிடந்தது:
ஒற்றைக் கையுறை, லொத்தர் சீட்டு,
நாய் வளர்ப்பவர்கள் குனியாமல் போன
நாலு மாதம்.

மாநகராட்சி ஆள் டெல்ராய்
முழங்காலுக்கு மட்டை தந்தார்.
மீன் வடிவில் வெட்டிய தகட்டை
வடிகால் மூடிக்குப் பக்கத்தில் வைத்து
"அழுத்திப் பிடி, இல்லாவிட்டால் சுறாவாகிவிடும்" என்றார்.
அமீனா பிடித்தாள், நான் பூசினேன்.

வீட்டுக் கழிவு வேறு குழாயில் போகும், சுத்தமாகும்.
இந்தக் கம்பிக்குள் விழுவது
யாரையும் கேட்காமல் நேரே ஹைலண்ட் ஓடைக்கு.
அங்கிருந்து ஏரிக்கு.
ஏரியிலிருந்து
நீ பல் துலக்கும் கோப்பைக்கு.
அவ்வளவுதான் அவர் பேச்சு.

பேருந்துத் தரிப்பில் நின்ற ஒரு மாமா
கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார்:
"தம்பி, என்ன செய்தனீர்?
கோட்டில போட்ட தண்டனையோ?"
"இல்லை மாமா, பள்ளிக்கூடம்."
அவர் நம்பவில்லை.
"கெட்ட சகவாசத்தை விடும்" என்றபடி
பஸ் ஏறினார்.

பத்தொன்பதாவது மீனை
நான் வேலை செய்யும் கொத்துரொட்டிக் கடையின்
பின்வாசலில் பூசினேன்.
பூசும்போது டெல்ராயின் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் எண்ணினோம், முப்பத்தொரு மீன்.
கையெழுத்து விழுந்தது. மொத்தம் நாற்பது.
கடதாசிப்படி நான் நல்ல குடிமகன்.

வெள்ளி இரவுகளில்
அந்தப் பத்தொன்பதாவது மூடிக்குள்தான்
வாளியைக் கவிழ்ப்பேன்.
தரை துடைத்த தண்ணீர், எண்ணெய், ப்ளீச்,
வெங்காயச் சருகு.
உள்ளே தொட்டி அடைப்பு என்று
முதலாளி குகதாஸ் காட்டிய வழி.
ஒன்றரை வருடம். இரவுக்கு இரண்டு வாளி.
கணக்கில் நான் கெட்டிக்காரன்.
இதை மட்டும் பெருக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளி, பதினொன்றேகால்.
வாளியோடு கதவைத் தள்ளினால்
விளக்கின் கீழே அது.
தகட்டில் கண்ணுக்கு ஓட்டை வைக்க
மறந்துவிட்டார்கள்.
பார்க்க முடியாத மீன்தான்.
ஆனாலும் திரும்பினேன்.

நிலவறைத் தொட்டிக்குப் பதினான்கு படி.
மூன்றாம் படியில் கால்சட்டை நனைந்தது.
அடைப்புக்குள் கையை விட்டேன்.
வந்தது என்னவென்று எழுதினால்
நீங்கள் அந்தக் கடையில் சாப்பிடமாட்டீர்கள்.
கடைசி பஸ் போய்விட்டது.
முக்கால் மணி நேரம் நடந்தேன்.
இதற்குப் படிவத்தில் கோடு இல்லை.

எனக்கு வேலையில்லாத செவ்வாயில்
யாரோ கவிழ்த்திருக்கிறார்கள்.
வாலில் நுரை காய்ந்திருந்தது.
கோபம் வந்தது.
கோபப்படும் உரிமை எனக்கு வந்து
ஒரு கிழமைகூட ஆகவில்லை.

மா வந்த பெட்டியின் மட்டையைக் கிழித்து
பின்கதவில் ஒட்டினேன்:
"இதுக்குள்ள ஊத்த வேண்டாம்.
இந்தத் தன்னீர் ஓடைக்குப் போகுது."

குகதாஸ் பார்த்தார். பல்லைக் குத்திக்கொண்டே போனார்.
கொத்துப் போடும் சிவயோகன் அண்ணாவும் பார்த்தார்.
தகட்டில் தாளம் நிற்கவில்லை.

மறுநாள் மட்டை அங்கேயே இருந்தது.
யாரோ நீலப் பேனாவால்
'தன்னீர்' என்பதை வெட்டி
மேலே 'தண்ணீர்' என்று எழுதியிருந்தார்கள்.
மூன்று சுழியும் அழுத்தி, வட்டமாக,
மழை நாளில் வடிகாலுக்குள்
வெள்ளம் இறங்குகிற மாதிரி.

அடியில், அதே நீலத்தில், புதிதாக ஒரு வரி:
"வாளியைக் கீழ கொண்டு போங்கோ.
லைற் சுவிச் வலப்பக்கம்."